பாப்பம்மாளும் பன்னிரண்டு மைக்ராஸ்கோப்பும்

பாப்பம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நான் மூக்குடைபட்ட கதையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தனை வருஷம் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். இனிமேல் எனக்கு யார் மெமோ கொடுக்கப் போகிறார்கள்? எழுதிவிடுகிறேன்.

என் பெயர் லீலாவதி. டில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பயாலஜி டீச்சராக இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம், நடந்ததைக் கேளுங்கள். விலங்கியலில் எம்.எஸ்ஸி., யூனிவர்சிட்டியில் இரண்டாவது ராங்க். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள்.

பாப்பம்மாள் எங்கள் லேப் அட்டெண்டன்ட். விழுப்புரத்துப் பக்கம் ஊர். புருஷன் சுப்பையாவோடு டில்லிக்கு வந்து, ஜங்புராவில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டியிருந்த மதராசி கேம்பில் குடிசை போட்டுக்கொண்டவள். சுப்பையாவுக்குத் துப்புரவு வேலை. இவள் எங்கள் பள்ளிக்குப் பெருக்கித் துடைக்கத்தான் முதலில் வந்தாள். 1970இல் லேப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான். "ஒரு வாரம் பார்த்துக்கோம்மா" என்று சாவிக் கொத்தை இவள் கையில் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரம் எட்டு வருஷம் ஓடியது. சம்பளப் பட்டியலில் மட்டும் கடைசிவரை டெம்பரரி.

லேப்பில் பன்னிரண்டு மைக்ராஸ்கோப் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி மரப் பெட்டியில். அவற்றை எடுக்கவும் வைக்கவும் அவளைத் தவிர ஒருவருக்கும் உரிமை கிடையாது, நான் உட்பட. வலது கையால் அதன் வளைந்த முதுகைப் பிடித்து, இடது கையை அடியில் கொடுத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். ஒரு நடைக்கு ஒன்றுதான். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு நடை. எவளாவது ஒரு பெண் அவசரப்பட்டுக் குழலைப் பிடித்துத் தூக்கினால் போச்சு. "கொழாய்லேருந்து கைய எடு! ஒடிச்சிடுவேன்!" என்று ஒரு சத்தம் வரும். என்னைவிட அவளிடம்தான் பெண்களுக்குப் பயம்.

சரஸ்வதி பூஜை வந்தால் அவளுக்குத் தலைகால் புரியாது. ஹாலில் புத்தகங்கள், வீணை, டைப்ரைட்டர், பள்ளிக்கூட மணி எல்லாவற்றோடும் இந்தப் பன்னிரண்டும் வரிசையாக நிற்கும். முந்தின நாளே ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் மினுமினுவென்று துடைத்து, திருகாணிக்கெல்லாம் சொட்டு விட்டு, குழலின் தலையில் ஒரு சந்தனப் பொட்டு, கீழே இருக்கிற வட்டக் கண்ணாடியில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம் என்று வைத்துவிடுவாள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சுண்டல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எட்டு வருஷம் தூக்கிச் சுமந்தாளே தவிர, அவள் ஒரு தடவைகூட அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்ததில்லை. "பாரு" என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1978 ஜனவரி. பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று புதிய முறை அப்போதுதான் வந்திருந்தது. எங்கள் பள்ளியில் முதல் முதலாகப் பயாலஜி குரூப். பதினெட்டுப் பெண்கள். அதற்கு முன்பெல்லாம் மைக்ராஸ்கோப் என்றால் ஆகஸ்டில் ஒரு நாள் எல்லாரும் வரிசையில் நின்று ஒரு எட்டு எட்டிப் பார்ப்பார்கள், அதோடு சரி. இப்போது, அந்த ஜனவரியிலிருந்து, வாரம் இரண்டு பிராக்டிகல். குளிர்கால லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று வெங்காயத் தோலை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

செலின் என்று ஒரு பெண். அம்மா நர்ஸ். டாக்டராகப் போகிறேன் என்று வகுப்புக்கு வந்த முதல் நாளே அறிவித்தவள். டில்லியிலேயே பிறந்தது, தமிழ் அரைகுறை. அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். "டீச்சர், குச் நஹீன் திக்தா. ஒண்ணும் தெரியலே. ஒயிட்டா மட்டும் இருக்கு."

"சரியா ஃபோகஸ் பண்ணு" என்று அதட்டினேன். அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். எரிச்சலோடு போய் நானே பார்த்தேன். பால் ஊற்றி வைத்தது போல வெறும் வெள்ளை. பன்னிரண்டிலும் அதே கதை. குழலின் அடியில் இருக்கிற லென்ஸைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால், நுனியில் மெல்லிசாக வெள்ளைப் படலம், ஓரத்தில் கிளை கிளையாக. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பூஞ்சை! லென்ஸில் பூஞ்சை பிடித்தால் கண்ணாடியையே தின்றுவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று எங்கோ படித்திருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, கண்டுபிடித்துவிட்ட பெருமைகூட எனக்குக் கொஞ்சம் இருந்தது. அன்றைக்கே பிரின்ஸிபாலுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். பன்னிரண்டிலும் பூஞ்சை, பழுது பார்க்க இயலாது, கழித்துக்கட்ட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

பிரின்ஸிபால் ராஜசேகரன் அதன் நகல் ஒன்றைப் போர்டு ஆபீசுக்கு அனுப்பி, புது குரூப்பைப் பார்வையிட அவர்கள் வரவிருந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு அவகாசம் கேட்டார். கிடைக்கவில்லை. என்னையும் பாப்பம்மாளையும் கூப்பிட்டனுப்பினார்.

"புதுசு வாங்கணும்னா கமிட்டி கூடணும். ஜூன், ஜூலை ஆயிடும், லீலாவதி. இன்ஸ்பெக்‌ஷன் இருபதாம் தேதி. தேதியை மாத்த மாட்டேன்னுட்டாங்க. அன்னிக்கு மைக்ராஸ்கோப் இல்லேன்னா பயாலஜி குரூப்புக்கு அனுமதி இல்லை. பதினெட்டுப் பேரையும் காமர்ஸுக்கு மாத்த வேண்டியதுதான்." பிறகு பாப்பம்மாளைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னார். "லேப் இல்லேன்னா உனக்கும் இங்கே வேலை இல்லேம்மா. மார்ச்சோட நிறுத்திக்க வேண்டி வரும். சுப்பையாகிட்டே சொல்லிடு."

வெளியே வந்தோம். அழுவாள் என்று நினைத்தேன். எங்கே? என்னை வழிமறித்துக்கொண்டு நின்றாள்.

"காளான் பூத்துப் போச்சின்னு எழுதிக் குடுத்தீங்களா டீச்சர்?"

"பூஞ்சை. ஆமா, எழுதினேன். இருக்கிறதைத்தானே எழுத முடியும்?"

"என் லேப்புலயா? டெய்லி தொடைக்கிறேன். பொட்டிக்குப் பொட்டி கற்பூரம் போட்டு வெச்சிருக்கேன். எங்க பூத்திருக்குன்னு காட்டுங்க."

அவள் வேலை போகப் போகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெட்டியில் காளான் என்று சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சரி, காட்டித் தொலைப்போம் என்று லேப்புக்குப் போய் ஒரு லென்ஸைத் திருகிக் கழற்றி, கைலென்ஸையும் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டு போனாள்.

"இது காளான் இல்ல டீச்சர்."

"ஓகோ! எம்.எஸ்ஸி. படிச்சது நானா, நீயா?"

அவள் லென்ஸைக் கைக்குள் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று வராண்டாவுக்குப் போனாள். பகல் பன்னிரண்டு மணி, அங்கே நல்ல வெய்யில். நானும் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். வெய்யிலில் கையை நீட்டி, மூடிய விரல்களோடு ஐந்து நிமிஷம் நின்றாள். பிறகு கையைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

வெள்ளையைக் காணோம். லென்ஸின் மேல் கண்ணீர் போல ஈரம் பளபளத்தது. அவள் அதைச் சுண்டு விரலால் தொட்டு என் மூக்கருகே காட்டினாள்.

"தேங்கா எண்ண. எங்க கேம்புல காலையில பாருங்க, எல்லா வூட்டுக் கூர மேலயும் எண்ண பாட்டில் வெய்யில் காயும். ஒறஞ்ச எண்ண எனக்குத் தெரியாதா டீச்சர்?"

அன்று காலை என் வீட்டு பால்கனியிலும் எண்ணெய் பாட்டிலை வெய்யிலில் வைத்து உருக்கித்தான் தலை வாரிக்கொண்டு வந்திருந்தேன். டில்லியில் இருக்கிற எந்தத் தமிழ்க் குடும்பம் குளிர்காலத்தில் அதைச் செய்யாமல் இருக்கிறது? என் தலையில் இருந்த எண்ணெய்தான் லென்ஸிலும் இருந்தது. அதற்குப் பூஞ்சை என்று பெயர் வைத்து, கையெழுத்தும் போட்டு, போர்டு ஆபீஸ் வரைக்கும் அனுப்பியாயிற்று.

அவளும் அப்படியே நின்றாள். ஜெயித்த முகமாக இருந்தது மெல்ல மெல்ல வெளுத்தது. "நான்தான் டீச்சர்" என்றாள். "பூஜைக்குப் பூஜ நான்தான் எண்ண போட்டுத் தொடச்சேன். சுத்துற சாமானாச்சே, எண்ண இல்லாட்டி இறுகிப் பூடும்னு அந்தக் குட்டிக் கொழாய் நுனிக்கெல்லாம் போட்டேன்."

ஐயையோ, எனக்கு வந்ததே கோபம்! என்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன். கெமிஸ்ட்ரி வகுப்பு பாதியில் நின்று, பிள்ளைகள் ஜன்னலில் தொங்கின. என் தப்பு எனக்குச் சுட்டது. அதையும் சேர்த்து அவள் தலையில் கொட்டினேன் என்பதுதான் உண்மை. அவள் அசையாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாள்:

"மிச்சத்த இருபதாந் தேதிக்கி அப்புறம் திட்டுங்க டீச்சர். இத எப்பிடி எடுக்குறதுன்னு இப்ப சொல்லுங்க. ஜல்தி."

நாங்கள் எண்ணெயை எடுக்கத் தொடங்கினோம். நாங்கள் என்ன நாங்கள், அவள்தான். நான் அலமாரியைக் குடைந்து ஸைலால் பாட்டிலைக் கண்டுபிடித்தேன். எண்ணெயைக் கரைக்கிற திரவம் அது. கொஞ்சம் அதிகமாகப் போனால் லென்ஸை ஒட்டியிருக்கிற பசையையும் கரைத்துவிடும் என்று எச்சரித்தேன். துணி? சுப்பையாவின் பழைய மல் வேட்டி ஒன்றை இரண்டு தடவை வெந்நீரில் அலசிக் காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டு வந்தாள். முதலில் மை ஃபில்லரின் ரப்பரை அமுக்கிப் புழுதியை ஊதித் தள்ளுவாள். புழுதியோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும் என்று ஒரே தடவைதான் சொன்னேன். பிறகு வாயால் ஒரு ஆவி. பிறகு துணி முனையில் அரைச் சொட்டு ஸைலால், நடுவிலிருந்து வெளியே வட்டமாக ஒரு சுற்று. துணியை மாற்று, இன்னொரு சுற்று. பள்ளி விட்டதும் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்வரை.

மூன்றாம் நாள் முதல் மைக்ராஸ்கோப் முடிந்தது. வெங்காயத் தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, வைத்துப் பார்த்தேன். அடடா! ஊசியால் கோடு போட்டது போல ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக நின்றது. நகர்ந்துகொண்டு, "பாப்பம்மா, கண்ணை வை" என்றேன்.

"நானா?"

"பின்னே யாரு? வை."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "தெரியுதா?" என்றேன்.

"இது வெங்காயமா டீச்சர்?" குனிந்தபடியே கேட்டாள். "நெசமாவே நம்ம வெங்காயமா?"

"ஆமாடி, மதர் டெய்ரி பால் பூத் பக்கத்துல வாங்கினது."

நிமிர்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, வாய் சிரிக்கிறது. "எட்டு வருஷமா இது உள்ள இருந்திச்சா? நான் வெளியிலயே தொடச்சிக்கிட்டிருந்தேனா?" என்றாள். கோபக்காரி என்றால் அழக் கூடாதா என்ன, நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. தலைமுடி, சர்க்கரை, செத்த ஈயின் இறக்கை, ஜன்னல் புழுதி, எதையும் விட்டு வைக்கவில்லை. இடது பக்கம் நகர்த்தினால் உள்ளே வலது பக்கம் போகிறதே என்று மைக்ராஸ்கோப்பையே அதட்டினாள். ஒரு தடவை வெளிச்சம் போதவில்லை என்று கீழ்க் கண்ணாடியை நேராகச் சூரியனுக்கே திருப்பிவிட்டாள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன். "கண்ணு அவிஞ்சு போயிடும்! சூரியனைப் பார்க்கக் கூடாது, வெறும் வானத்தைப் பிடி!" அன்றிலிருந்து சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளை வானத்தைத் தேடிப் பிடிப்பாள். கண்ணாடிக்கு இரண்டு முகம், ஒன்று தட்டை, ஒன்று குழி. வெளிச்சம் குறைந்தால் குழிவான முகம்தான் அதைக் குவித்துக் கொடுக்கும் என்று தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுகொண்டாள். பெரிய லென்ஸை இறக்கும்போது கண்ணை மேலே வைக்காதே, பக்கத்தில் குனிந்து பார்த்து இறக்கு, பிறகு மேலே பார்த்துக்கொண்டே ஏற்று, அப்போதுதான் லென்ஸ் ஸ்லைடில் இடிக்காது என்று நான் சொன்னதை மறுநாள் பெண்களுக்கு என்னைவிடக் கடுமையாகச் சொன்னாள்.

ஒரு நாள் கூப்பிட்டாள். "டீச்சர், இதுல ஒரு கறுப்புப் புள்ளி. ஸ்லைட எடுத்துட்டாலும் போவல."

பார்த்தேன். "எங்கேயோ அழுக்கு இருக்கு. எல்லாத்தையும் கழற்றித் துடை" என்றேன்.

"எங்கன்னு தெரியாம எதுக்கு எல்லாத்தையும் கழட்டணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டு, கண்ணை வைக்கிற மேல் லென்ஸை மட்டும் விரலால் சுற்றினாள். "புள்ளி கூடவே சுத்துது டீச்சர்! அப்ப மேலதான்." கழற்றிப் பார்த்தால் விளிம்பில் காய்ந்த சந்தனம். அவள் வைத்த பொட்டேதான். மேலே சுற்றினால் சுற்றுகிற கறை மேல் லென்ஸில், ஸ்லைடை நகர்த்தினால் நகர்கிற கறை ஸ்லைடில். எம்.எஸ்ஸி.யில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, அல்லது சொல்லித் தந்த அன்று நான் லீவு.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் பதினொன்று தயார். பன்னிரண்டாவதில் என்ன துடைத்தும் வெள்ளை போகவில்லை. கைலென்ஸில் பார்த்தேன். அதில் நிஜமாகவே பூஞ்சை இருந்தது. எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

இருபதாம் தேதி காலையில் கதவைத் திறந்தால் எதிர் வீடு தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி. பள்ளிக்கு வந்து சேர்ந்தால் கரண்டும் இல்லை. லேப் இருட்டிக் கிடந்தது. மைக்ராஸ்கோப்புக்கு வெளிச்சம்தானே உயிர்? இத்தனை நாள் பாடு போச்சே என்று நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திருங்க டீச்சர், மேசையப் புடிங்க" என்றாள் பாப்பம்மாள். "வெளிய எவ்ளோ வெள்ளையா இருக்கு பாருங்க. வானம் எறங்கி வாசல்லயே நிக்குது. வராண்டாவுல போட்டுடலாம்."

பெண்களும் நானும் மேஜைகளை வராண்டாவுக்கு இழுத்தோம். அவள் பதினொரு நடை நடந்து பதினொன்றையும் கொண்டுவந்து வைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் குழிவான பக்கமாகப் பனிக்கு நேரே திருப்பினாள். நான் குனிந்து பார்த்தேன். கூசாத, சீரான வெள்ளை வெளிச்சம். வெய்யில் நாளில்கூட இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். டாக்டர் குல்ஷ்ரேஷ்டா. கம்பளிக் கோட்டு, காதைச் சுற்றி மஃப்ளர், சிரிக்கவே சிரிக்காத முகம். ஒவ்வொரு மைக்ராஸ்கோப்பாகக் குனிந்து பார்த்தார். ஐந்தாவதில் தன் பையிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்து நிமிர்ந்தார்.

"இதில் கறை இருக்கிறது. லென்ஸ் சுத்தமில்லை" என்றார் ஹிந்தியில்.

பிரின்ஸிபால் என்னைப் பார்த்தார். அப்போது கதவோரம் நின்றிருந்த பாப்பம்மாள் இரண்டடி முன்னால் வந்தாள். கேம்பில் அடிபட்டுக் கற்ற ஹிந்தி அவளுடையது. என் ஹிந்தியைவிட நூறு மடங்கு தேவலை.

"சாப், ஊபர்வாலா குமாயியே" என்றாள், மேல் லென்ஸைச் சுற்றச் சொல்லி.

அவர் புருவத்தைத் தூக்கினார். ஆனாலும் குனிந்து சுற்றினார்.

கறை சுற்றியதா என்று கேட்டாள். இல்லை என்றார். அப்படியானால் இப்போது ஸ்லைடை நகர்த்துங்கள் என்றாள். நகர்த்தினார்.

"நகர்கிறது" என்றார்.

"அப்படின்னா கறை உங்கள் ஸ்லைடில், சாப். என் மெஷின் சுத்தம்" என்றாள், அதையும் ஹிந்தியில், நேராக அவர் முகத்தைப் பார்த்து.

பிரின்ஸிபால் இருமினார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குல்ஷ்ரேஷ்டா ஸ்லைடை எடுத்துப் பனி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கைக்குட்டையால் துடைத்தார், திரும்ப வைத்துப் பார்த்தார். கறை போயிருந்தது. உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். மேலேயே என் கடிதம் இருந்தது.

"பன்னிரண்டிலும் பூஞ்சை, பழுது பார்க்க முடியாது என்று இந்த மாதம்தான் எழுதியிருக்கிறீர்கள். பதினொரு நாளில் பூஞ்சை எங்கே போயிற்று?" குரல் கடுமையாக இருந்தது. "வேறு பள்ளியிலிருந்து இரவல் வாங்கி வரிசையாக வைத்துக் காட்டுகிற பள்ளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள். இவை யாருடையவை?"

இரவலா! உண்மையைச் சொன்னால் என் மானம் போகும், அவள் செய்த தப்பும் வெளியே வரும். சொல்லாவிட்டால் பயாலஜியே போகும். நான் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் தேடவில்லை.

"தேல் மைனே லகாயா தா, சாப்" என்றாள். "மைனே ஹீ நிகாலா."

எண்ணெய் போட்டவளும் நான்தான், எடுத்தவளும் நான்தான். வேலையை வைத்துக்கொள்ள வந்த இடத்தில், வேலை போகிற வார்த்தையை அப்படியே உரக்கச் சொன்னாள். பூஜை, எண்ணெய்த் துணி, பொட்டு, குளிரில் உறைந்தது, வேட்டித் துணி என்று ஒன்று விடாமல் சொன்னாள். பன்னிரண்டாவது பெட்டியையும் தூக்கி வந்து, "இதில் இருப்பது நிஜப் பூஞ்சை, இதை நான் மறைக்கவில்லை" என்று முன்னால் வைத்தாள். யார் பூஞ்சை என்று எழுதியது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியா?

"எழுதியது நான்" என்றேன். "எண்ணெயைப் பார்த்துப் பூஞ்சை என்று எழுதியது நான். கண்டுபிடித்தது இவள்."

குல்ஷ்ரேஷ்டா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மஃப்ளரை இறக்கினார். முகம் கோணியது. பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், வராண்டாவே அதிர்ந்தது. "கடுகு எண்ணெய் போட்டிருக்கக் கூடாதா? அது உறையாதே!" என்றார். பாப்பம்மாள் விடவில்லை. கடுகு எண்ணெய் நாறும் சாப், சரஸ்வதிக்கு ஆகாது என்றாள்.

பெரிய லென்ஸில் வைத்துக் காட்டு என்றார். பக்கத்தில் குனிந்து இறக்கினாள், மேலே பார்த்து ஏற்றினாள், ஒரே முயற்சியில் நிறுத்திவிட்டு நகர்ந்தாள். அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். என்ன படித்திருக்கிறாள் என்று பிரின்ஸிபாலைக் கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்று இவளே சொன்னாள்.

ரிப்போர்ட் பிப்ரவரியில் வந்தது. பயாலஜி குரூப்புக்கு அனுமதி. மைக்ராஸ்கோப் பதினொன்று, மிக நல்ல நிலையில். அட்டெண்டன்டை நிரந்தரமாக்கப் பரிந்துரை. ஜூலையில் அவளுக்கு ஆர்டர் கையில் கிடைத்தது. பதினெட்டுப் பேரும் மறு வருஷம் பயாலஜியிலேயே பாஸ் செய்தார்கள். செலின் டாக்டரானாள். பாப்பம்மாள் அதே லேப்பில் இன்னும் பதினாறு வருஷம் எங்கள் எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் எனக்கு அந்த இருபதாம் தேதி நடந்ததுதான் பெரிசு. புறப்படும் முன் குல்ஷ்ரேஷ்டா ஸ்டாக் பதிவேட்டைக் கேட்டார். மைக்ராஸ்கோப் பக்கத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பேனாவால் அதைத் தட்டினார். "இது தப்பு. திருத்துங்கள்" என்றார்.

அவர் முன்னாலேயே என் பெயரை அடித்தேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அவள் படிக்கட்டும் என்று தமிழில் கொட்டை எழுத்தாக 'பாப்பம்மாள்' என்று எழுதிப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படித்தாள். முகத்தில் அப்படி ஒரு களை. பிறகு விரல் நின்றது. முகம் சுளித்தது.

"இனிஷியல் எங்க டீச்சர்? கேம்புல மட்டுமே மூணு பாப்பம்மா இருக்குறாளுங்க. நாளைக்கி எவளாவது வந்து நான்தான் அதுன்னு நிப்பா. எங்கப்பா எழுத்து வெச்சி கோ. பாப்பம்மாள்னு போடுங்க."

போட்டேன்.